தொம்மைப் பாடு

கத்திவாக்கத்தில் காலை ரயிலுக்கு
ஐஸ்பெட்டியோடு ஏறுகிறேன்.
மீன்கூடைக்காரப் பெண்கள் காலை மடக்கி இடம் விடுகிறார்கள்.
"இன்னா கண்ணு, வியாவாரமா?"
"தண்ணி" என்கிறேன்.
"தண்ணியவா விக்கிற?"
கம்பார்ட்மெண்டே சிரிக்கிறது, நானுந்தான்.

பன்னிரண்டு பாட்டில்.
ஒவ்வொன்றின் தோளிலும் மார்க்கரில்
நாள், நேரம், ஓதமா வற்றமா, இடம்.
எஸ்-1, எஸ்-2, எஸ்-3.
எஸ்-4 எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும்.

ஆய்வேட்டில் அது ஒரு புள்ளி,
அட்சரேகை தீர்க்கரேகையோடு.
ஊரில் அதற்குத் தொம்மைப் பாடு என்று பேர்.
தொம்மை யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது.
கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி
அங்கே இறால் தடவுகிறவர்களில்
என் அத்தை சூசையம்மாவும் ஒருத்தி.
கைடு சொன்னார்:
"ஊர்ப்பேரெல்லாம் ஜர்னலில் எடுபடாதும்மா, நம்பர் போடு."
போட்டேன்.

ஃபெலோஷிப் வந்து பதினொரு மாதம் ஆகிறது.
பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து
இரண்டாம் மாடி, மூன்றாவது மேஜை.
சாப்பிடப் போயிருக்கிறார்.
வந்துவிட்டார்.
"படகு வாடகைக்குப் பில் எங்கே?"

குப்புராஜ் அண்ணன் எழுதித் தந்தது
ஐஸ் ஃபேக்டரி ரசீதின் முதுகில்:
'தண்ணி அள்ள போனது ஒரு நாள்.
டீசலுக்கு மட்டும் வாங்கினேன்.
மேக்கொண்டு பாப்பா தர வேணாம்.'
கீழே கையெழுத்து.
அதன் வாலில் ஒட்டிக் காய்ந்த
ஒரு செதில்.

"இதுல ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையே."
செதிலை நகத்தால் சுரண்டித் தட்டிவிட்டு
தாளைத் திருப்பித் தந்தார்.

நசீமாவுக்கு இது ஏழாவது வருடம்.
மாலையில் கொருக்குப்பேட்டையில்
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன்.
லேப் ஃபிரிட்ஜில் என் பாட்டில்களுக்குப் பின்னால்
அவளுடைய தயிர் டப்பா இருக்கும்,
அதிலும் தேதி போட்டிருப்பாள்.
மே மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டடத்துக்கே கரண்ட் இல்லை.
வாட்ச்மேனைக் கெஞ்சிக் கதவைத் திறந்து
ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும்
மடியில் பாட்டில்களோடு காசிமேடு போனோம்.
வஞ்சிரங்களுக்கு நடுவே
இரண்டு நாள் கிடந்தது
என் மூன்றாம் அத்தியாயம்.
ஆய்வுமுறை என்ற தலைப்பின் கீழ்
இதை எழுத இடமில்லை.
நன்றியுரையில் ஒரு வரி வைத்தேன்,
கைடு அடித்துவிட்டார்.

கமிட்டியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
ஒருவர் கேட்டார்:
"குறிப்பா இந்த ஏரியாவை ஏன் எடுத்தீங்க?"
சொல்ல எவ்வளவோ இருந்தது.
சாம்பல் படிந்து கொடிக்கயிற்றில் நிறம் மாறிய
என் பள்ளிக்கூடத் தாவணி.
ராத்திரி வாயு நெடிக்கு எழுந்து
தெருவே ஈரத்துணியைப் பொத்திக்கொண்டு ஓடியது.
"போய்வர வசதி, சார்" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

கடைசி முடிவுகள் வந்த வாரம்
அத்தை வீட்டுக்குப் போனேன்.
அவள் விரலிடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன.
அடுப்பில் ஆளி வெடித்துத் திறக்கிற சத்தம்.

"எத்தினி வருசமா அள்ளினு போற.
இப்பவாவது சொல்லு,
துன்னலாமா, வாணாமா?"

எண் எனக்கு மனப்பாடம்,
தசம புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை.
வாயைத் திறந்தேன்.
"இன்னும் பப்ளிஷ் ஆவல, அத்தை."

"அப்டினா?"

அப்படி என்றால்
என்னவென்று எனக்கும் சொல்ல வரவில்லை.
அவள் தட்டை முன்னால் தள்ளினாள்.
மிளகு தூக்கலாக,
நான் கேட்டால் செய்கிற மாதிரியே.
தின்றேன்.

கை கழுவ எழுந்தபோதுதான் பார்த்தேன்,
தட்டோரம் ஓடுகளை
சின்னது, நடுத்தரம், பெரியது என்று
மூன்று வரிசையாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.
பதினேழு.
ஒன்று திறக்கவே இல்லை.